அது பறந்ததுன்னு எழுதணும்

மிலிட்டரி கேம்ப் ஸ்டாப்பிங் வந்தா எனக்கு ஒரு வார்த்தை சொல்லு தாயி. கண்டக்டர்கிட்ட சொல்லித்தான் வச்சிருக்கேன். போன தடவையும் சொன்னேன், அந்த ஆளு மறந்துட்டு அடுத்த ஊர்ல இறக்கிவிட்டாரு. வெயில்ல திரும்பி நடந்து போனா, கேட்டுல நின்ன பையன், "ஆபீசர் சாப்பிடப் போயிட்டாரும்மா, நாளைக்கு வாங்க"ன்னுட்டான். தோள்ல துப்பாக்கி வச்சிருக்கான்ல, அவன் சொல்றதுதான் நேரம்.

நீ காலேஜா? அதுவும் அந்த ஸ்டாப்பிங்தானா? நல்லதாப் போச்சு. அப்ப எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணு. என்கூட உள்ள வந்து, நான் சொல்றதை அந்த வடக்கத்தி ஆபீசர்கிட்ட இங்கிலீஷ்ல சொல்லிட்டுப் போயிரு. அங்க அதுக்குன்னு ஒரு ஆளு இருக்கான், முருகவேல்னு, திண்டுக்கல் பக்கத்துப் பையன். நல்ல பையன்தான், குறை சொல்லக் கூடாது. ஆனா நான் பத்து வார்த்தை சொன்னா அவன் ரெண்டு வார்த்தைதான் அங்க சொல்றான். மிச்சத்தை எங்க முழுங்குறான்னு தெரியல.

எங்க ஊரு தாழைத்துறை. கேள்விப்பட்டிருப்பியே, ஈஸ்டருக்கு முன்னாடி எல்லார் போன்லயும் ஓடுச்சு, கடலுக்கு மேல ஒரு வெளிச்சம் தொங்குதுன்னு? பார்த்தியா? அதேதான். அதை எடுத்தது கித்தேரி மருமகன். கித்தேரி எனக்கு அடுத்த வீடு. அதுல "சேசுவே சேசுவே"ன்னு ஒரு பொம்பள கத்துறது கேக்கும்ல, அது அவதான். பூசையில பாட்டுப் பாடச் சொன்னா வாயைத் திறக்க மாட்டா.

அந்த வெளிச்சம் வந்த அன்னைக்குக் கடலுக்குப் போனவுக எங்க வீட்டு மனுசன். இன்னும் திரும்பல. என் பேரு சலேத்து, அவுக பேரு இன்னாசி. கட்டுன நாள்ல இருந்து அந்தப் பேரை நான் வாயால சொன்னதில்ல. இப்ப ஆபீஸ் ஆபீஸாப் போய்ச் சொல்லிச் சொல்லி, கடையில உப்புக் கேக்கிற மாதிரி வந்துருது.

அன்னைக்குப் பெரிய வெள்ளி. ஆண்டவர் செத்த நாளு. எங்க ஊர்ல ஒரு வள்ளம் தண்ணியில இறங்காது. கவுச்சி கூடாது, அடுப்பு கூடாது, ஒரு வேளைக் கஞ்சிதான். ஆனா அவுக புதன்கிழமையே நண்டு வலை விட்டுட்டு வந்துட்டாக. வியாழன் எடுத்திருக்கணும், இடுப்புவலின்னு படுத்துட்டாக. வெள்ளி விடியுறதுக்கு முன்னாடி எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு, "வலை கிடக்கு சலேத்து. நண்டு செத்து நாறிரும், வலையும் கிழிஞ்சிரும். ஊரு முழிக்கிறதுக்குள்ள போயி எடுத்துட்டு வந்துர்றேன்"னாக. "பெரிய வெள்ளியும் அதுவுமா"ன்னேன். "ஆண்டவரே மீன்பிடிக்கிறவங்களோட சுத்துனவருதான், கோவிச்சுக்க மாட்டாரு"ன்னாக. அந்த வாய்க்கு யாரு பதில் சொல்றது?

போனை வீட்லயே வச்சுட்டாக. கரைக்குப் பக்கத்துல வர்றப்ப அது அடிச்சா ஊருக்குத் தெரிஞ்சிரும்ல.

எந்தப் பக்கம் வலை விட்டிருக்கீகன்னு நான் கேக்கல. ஆபீசரும் முதல்ல அதைத்தான் கேட்டாரு, "புருசன் எந்தத் திசையில போனார்னு எப்படித் தெரியாம இருக்கும்?"னு. கடலுக்குப் போற ஆளை எங்க போறன்னு கேக்கலாமா? கேட்டா அன்னைக்குப் பொழப்பு போச்சு. எங்க மாமியா எனக்குச் சொன்னதே அதுதான்: வாசல்ல நில்லு, எதிர்க்க வராத, எங்கன்னு கேக்காத. நான் கேட்டதே இல்ல. அவுக எப்பவும் வடக்கேதான் வலை விடுவாக. அதனால வடக்கேன்னு நினைச்சுக்கிட்டேன்.

மத்தியானத்துக்குள்ள வந்திருக்கணும். வரல. யார்கிட்டப் போய்ச் சொல்றது? பெரிய வெள்ளியில கடலுக்குப் போனாருன்னு சொன்னா, கோயில் வாசல்ல நிக்கவச்சுக் கேள்வி கேப்பாங்க. சிலுவைப்பாதைக்கு நான் மட்டும் போனேன். கித்தேரி கேட்டா, "அண்ணன் எங்க?" "இடுப்புவலி, படுத்திருக்காக." அந்தப் பொய்யைச் சொல்லிட்டுப் பதினாலு தலத்துக்கும் முட்டி போட்டேன்.

சாயங்காலம் எல்லாரும் காத்தாட மணல்ல வந்து உக்காந்தாங்க. காத்தே இல்ல. பங்குனிக் கடலு அப்படித்தான், எண்ணெய் ஊத்துன மாதிரிக் கிடக்கும். நான் வடக்கேயே பார்த்துக்கிட்டு இருந்தேன். யாருக்கும் தெரியாமப் பார்க்கணுமே, அதனால வலையைப் பிரிக்கிற மாதிரிப் பார்த்துக்கிட்டு இருந்தேன். அப்பத்தான் தெற்கே ஒருத்தன் கையைக் காட்டுனான்.

தெற்கே, எதிர்த்தாப்புல தீவுக்கு அந்தப் பக்கம், கடலுக்கு மேல வெளிச்சம். தண்ணியில இல்ல தாயி, நல்லா மேல. ஆரஞ்சுக் கலரு. நின்னுச்சு. அப்புறம் மேல போச்சு, கீழ வந்துச்சு. இந்தப் பக்கம் போச்சு, அந்தப் பக்கம் போச்சு. நிக்கும். மறுபடி அதே மாதிரி. அதுல இருந்து துளித் துளியா நெருப்பு சொட்டுச்சு. பெரிய வெள்ளி, ஆண்டவர் கல்லறையில கிடக்குற நேரம், ஆகாயத்துல நெருப்பு சொட்டுதுன்னா நீ என்னன்னு நினைப்ப? ஊரே எந்திரிச்சு நின்னுச்சு. எங்க பெரியவுக காலத்துல இருந்தே சொல்லுவாங்க, அப்படி ஒரு வெளிச்சம் வந்தா அதுக்குக் கரையில விளக்கு தெரியக் கூடாது. விளக்கைப் பார்த்தா அது கரைக்கு வந்துரும், வந்தா வீட்டுக்கு ஒரு உசுரு எடுக்கும்னு.

கித்தேரிதான் கத்துனா, "சலேத்து, விளக்கை அணைடி! கரைவிளக்கை அணைடி!"ன்னு.

கரைவிளக்குன்னா, பஞ்சாயத்துல உசரமாக் கம்பம் நட்டு வச்சிருக்காங்க. அதைப் பார்த்துத்தான் வள்ளமெல்லாம் கரை வந்து சேரும். எங்க வீடு கடைசி வீடு, சுவிச்சுப் பொட்டி எங்க சுவத்துலதான். பொழுது சாஞ்சா போடுறது நான், விடிஞ்சா அணைக்கிறது நான். ஓடுனேன் பாரு. சேலை தடுக்குது, விழுந்து எந்திரிச்சு ஓடுனேன். போயி டக்குன்னு அணைச்சேன். என்னைப் பார்த்து ஊரே வீட்டு விளக்கெல்லாம் அணைச்சுச்சு. அப்படி ஒரு இருட்டை எங்க ஊர் பார்த்ததில்ல.

அணைச்ச கொஞ்ச நேரத்துல, சொன்னா நம்பு, அந்த வெளிச்சமும் அணைஞ்சு போச்சு.

நான்தான் ஊரைக் காப்பாத்துனேன்னு அன்னைக்கு எல்லாரும் சொன்னாங்க. கித்தேரி என்னைக் கட்டிப் பிடிச்சா. கதவைச் சாத்திட்டுச் செபமாலை சொல்லிக்கிட்டே உக்காந்திருந்தேன். மறுபடி எந்திரிச்சுப் போயி விளக்கைப் போடலாமான்னு ஒரு நினைப்பு வந்துச்சு, அவுக வந்தாத் துறை தெரியணுமேன்னு. வடக்கே இருந்து வர்றவுகளுக்குத் துறை தெரியாமலா போகும்னு விட்டுட்டேன். அந்த வெளிச்சம் திரும்ப வந்துட்டா?

விடிஞ்சதும் போய்ச் சொல்லிட்டேன், மனுசன் கடல்ல இருக்காகன்னு. யாரும் கோவிச்சுக்கல. அதுதான் ஆச்சரியம். கித்தேரி வாயை முந்தானையால பொத்திக்கிட்டா. ஆம்பளைங்க வள்ளம் எடுத்தாங்க. நான் வடக்கேன்னு சொல்றேன், அவங்க பூராப் பேரும் தெற்கே போறாங்க! கரையில நின்னு கத்துறேன், "வடக்கேடா, வடக்கேடா"ன்னு. ஒருத்தன் திரும்பிப் பார்க்கல. போயிச் சும்மா வந்தாங்க.

மீன்துறை ஆபீசுக்குப் போனேன். "கடலுக்குப் போக டோக்கன் வாங்கினாரா?"ன்னாங்க. போலீசுக்குப் போனேன். "வந்துருவாரு, காத்திருங்க"ன்னாங்க. ஒரு மனுசனைக் காணோம்னா ஒருத்தனும் பேனாவை எடுக்க மாட்டேங்கிறான். ஆனா அந்த வீடியோ போன்ல ஓடுச்சு பாரு, ஜீப்பு வந்துருச்சு. ஒண்ணில்ல, மூணு. மிலிட்டரி. பெரிய பெரிய குழாய் மாதிரி ஒண்ணு, முக்காலி மாதிரி ஒண்ணு, எல்லாம் மணல்ல இறக்குனாங்க. எனக்கு உசுரு வந்துச்சு தாயி. வெளிச்சத்தைத் தேட வந்திருக்காங்க. தேடுறவங்க கண்ணுல வள்ளம் தட்டுப்படாமலா போகும்?

அதனால நான் முந்திக்கிட்டேன். ஊர்ல எல்லாரும், தெரியாது, பார்க்கல, தூங்கிட்டேன்னு நழுவுறாங்க. வீடியோ எடுத்த மருமகனே, கை ஆடிருச்சு சார்ங்கிறான். நான்தான் போயி நின்னேன். "நான் பார்த்தேன். எங்க வீட்டுக்கு வாங்க."

வந்தாங்க. ஆபீசர் நல்ல உசரம், நிலைப்படியில குனிஞ்சுதான் வந்தாரு. ஓலைப்பாயில உக்காந்தாரு, மறுக்கல. முருகவேல் பக்கத்துல.

"தட்டு மாதிரி இருந்துச்சான்னு சார் கேக்குறாரு."

"எந்தத் தட்டு? சோத்துத் தட்டா, காணிக்கைத் தட்டா?"

அந்தப் பையன் சிரிச்சுட்டான். ஆபீசர் சிரிக்கல. கையை நீட்டி, வாசல் வழியாத் தெரியுற கடல் கோட்டுல இருந்து எத்தனை விரல் உசரத்துல இருந்துச்சுன்னு காட்டச் சொன்னாரு. நான் மூணு விரல் காட்டுனேன். முக்காலியை வாசல்ல வச்சுப் பார்த்து அதை எழுதிக்கிட்டாரு. சத்தம் வந்துச்சா? இல்ல. வாடை? இல்ல. நான் சொல்லச் சொல்ல அத்தனையும் எழுதுறாரு. என் வாயில வந்ததை ஒருத்தர் எழுதுறது அதுதான் முதல் தடவை. புருசன் காணாமப் போனதையும் நடுவுல நடுவுல சொருகுனேன். அதையும் எழுதுனாரு.

"அன்னைக்குத் தீவு எப்பவும் போலத்தான் தெரிஞ்சுச்சான்னு கேக்குறாரு."

"இல்ல. பங்குனி வெயில்ல காத்தில்லாட்டி தீவு எழும்பி நிக்கும்ல, அப்படி நின்னுச்சு."

"எழும்பின்னா?"

"தண்ணியை விட்டுத் தூக்கிக்கிட்டு நிக்கும் தம்பி. அடியில ஆகாயம் தெரியும். தூரத்து வள்ளம்கூட அந்தரத்துல போற மாதிரி இருக்கும். கண்ணுதான் ஏமாத்துது. அது எங்களுக்குப் பழக்கம், அதைப் பத்தி என்ன இப்ப?"

முருகவேல் அதைச் சொன்னதும் ஆபீசரு பேனாவை நிறுத்திட்டாரு. எதுக்குன்னே தெரியல. பறக்குறதைப் பத்திக் கேக்க வந்தவரு, தீவைப் பத்தி ஏன் கேக்கணும்? அப்புறம் எல்லாமே கோணல் கேள்விதான். வள்ளத்துல டீசல் எவ்வளவு இருந்துச்சு? என்ஜினு பழசா? துணி ஏதாச்சும் இருந்துச்சா?

"துணியா? என் பழைய சேலை ஒண்ணு கிடக்கும், என்ஜினு துடைக்க. மஞ்சச் சேலை. ஏன் தம்பி?"

முருகவேல் அதை உடனே சொல்லல. தண்ணி வேணும்னான். கொடுத்தேன். குடிச்சிட்டுத்தான் சொன்னான்.

அப்புறம் ஆபீசர் கேட்டாரு, வீடியோவுல ஒரு எடத்துல கரையே இருட்டா ஆயிருதே, ஏன்னு. அடடா, இதைத்தானே நான் சொல்லணும்னு காத்துக்கிட்டு இருக்கேன்! கையைப் பிடிக்காத குறையா வாசலுக்குக் கூட்டிட்டுப் போயி, சுவத்துல சுவிச்சுப் பொட்டியைக் காட்டுனேன். "நான்தான் அணைச்சேன் சார். இந்தக் கையாலதான். நான் அணைச்சேன், அது அணைஞ்சிருச்சு. எழுதிக்கோங்க."

எழுதல, தாயி.

முருகவேல் சொல்லி முடிச்சான். இந்த ஒரு தடவைதான் அவன் நான் சொன்னதை விட நீட்டமாச் சொன்னான். ஆபீசரு அந்தப் பொட்டியைப் பார்த்தாரு, கடலைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. புஸ்தகத்தை மூடிட்டாரு. தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டாரு. "டீ கிடைக்குமா"ன்னு கேட்டாராம். அவ்வளவு முக்கியமான சங்கதியை நான் சொல்றேன், மனுசனுக்கு டீ கேக்குது!

போறப்ப முருகவேல் மட்டும் பின்தங்கி வந்தான். "அம்மா, இதை இனி யாராச்சும் கேட்டா, கரண்டு போச்சுன்னு சொல்லுங்க. சார் அப்படித்தான் எழுதப் போறாரு."

"எதுக்குய்யா பொய் சொல்லணும்? கரண்டா போச்சு? நான்ல அணைச்சேன்."

"சொல்லுங்கம்மா. உங்க மகன் மாதிரி கேக்குறேன்."

பாரு, நான் செஞ்சதைக் கரண்டு செஞ்சதா எழுதுறாங்க.

ஊர்ல அதுல இருந்து யாரும் என் முகத்தைப் பார்க்கிறதில்ல. மிலிட்டரி என் வீட்டுக்கு மட்டும் வந்துச்சுன்னு பொறாமை. கித்தேரி மட்டும் தினம் வாசல்ல சோறு வச்சுட்டு ஓடிருவா. முன்னாடி ஒரு கரண்டி குழம்பு கேட்டா மூக்கால அழுவா. இப்ப நான் கேக்காமலே மீனு, முட்டை. ஒருநாள் கையும் களவுமாப் பிடிச்சுட்டேன். "என்னடி உனக்கு?"ன்னா, "நான்தானே கத்துனேன், நான்தானே கத்துனேன்"னு தலையில அடிச்சுக்கிறா. "நீ கத்துனதாலதானேடி ஊரு பிழைச்சுச்சு"ன்னேன். இன்னும் அதிகமா அழுறா. பயம் தெளியல அவளுக்கு.

சாமியார் வந்தாரு, ஒரு பூசை வச்சிருவோம்னாரு. என்ன பூசைன்னு கேட்டேன். இளைப்பாற்றிப் பூசைன்னாரு. "அது செத்தவுகளுக்குல்ல சாமி வைப்பாங்க, வெளிய போங்க"ன்னுட்டேன். சாமியாரை வெளிய போகச் சொன்னவ எங்க ஊர்லயே நான் ஒருத்திதான்.

போன வாரம் முருகவேல் வந்தான், யூனிபார்ம் இல்லாம, சட்டை பேண்ட்டுல. நிலைப்படியிலயே நின்னான்.

"முடிச்சாச்சும்மா. அது பறக்கும் தட்டு கிடையாது. தூரத்துல, வள்ளத்துல யாரோ துணியைக் கொளுத்திக் காட்டியிருக்காங்க. அன்னைக்கிருந்த சூட்டுல அது மேல தூக்கித் தெரிஞ்சிருக்கு. அப்படித்தான் எழுதி மேல அனுப்பியிருக்காங்க."

"யாரோன்னா, யாரு?"

கடல் பக்கம் திரும்பிக்கிட்டான்.

"யாருய்யா? பேர் எழுதுனீகளா?"

"இல்லம்மா. பேர் எழுதல."

"அப்ப தேடுறது?"

"தேடுனோம்மா. அன்னைக்கு முக்காலி வச்சுப் பார்த்தோம்ல, அந்தத் திசையில கப்பல் போயித் தேடுச்சு. ஒண்ணும் இல்ல. இனி..."

அதான் போறேன். அந்த எழுத்தை மாத்தணும். அது என்னன்னு தெரியல, பறந்து போச்சு, அப்படின்னு எழுதுனாத் தேடிக்கிட்டே இருப்பாங்கல்ல? ஆகாயத்துல தேடுவாங்க, கடல்ல தேடுவாங்க. நெருப்பு சொட்டுற ஒண்ணு வந்து ஆளைத் தூக்கிட்டுப் போச்சுன்னா, எங்கயாச்சும் இறக்கி விட்டிருக்கும். மலையில இறக்கியிருக்கலாம். பேரு மறந்து எங்கயாச்சும் உக்காந்திருக்கலாம். படகுன்னு எழுதிட்டா அதோட முடிஞ்சுதுல்ல? படகுன்னா அது...

இல்ல. நீ படிச்ச புள்ள, யோசிச்சுச் சொல்லு. வள்ளத்துல ஒரு மனுசன் இருக்கான்னு வையி. என்ஜினு நின்னு போச்சு. கரையில விளக்கு எரியுது. அதைப் பார்த்துத்தானே துணியைக் கொளுத்திக் காட்டுவான்? அந்த விளக்கு திடுப்புனு அணையுது. ஊரே அணையுது. அப்ப அவன் இன்னும் வேகமால்ல காட்டணும்? சட்டையைக் கழட்டிக் கொளுத்தணும்ல? பலகையை உடைச்சுக் கொளுத்தணும்ல? கம்முனு அணைச்சுட்டு உக்காருவானா? எங்க வீட்டு மனுசன் அப்படி உக்கார்ற ஆளில்ல. பெரிய வெள்ளியிலயே வள்ளத்தை இறக்குனவுக. அவுகளா இருந்தா விடியவிடியக் காட்டியிருப்பாக. இல்ல, சேலை ஒண்ணுதானே இருந்துச்சுன்னா... அது எவ்வளவு நேரம் எரியும்... கரையில விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்து திடுப்புனு அணைஞ்சா, அது தானா அணைஞ்சதில்ல, பார்த்துட்டுத்தான் அணைச்சாங்கன்னு தெரியும்ல. சுவிச்சு எங்க சுவத்துல இருக்குன்னு அவுகளுக்குத் தெரியும். யாரு அணைச்சிருப்பான்னும்...

பறந்துச்சு தாயி. நான் பார்த்தேன். மூணு விரல் உசரத்துல பறந்துச்சு. அதை மட்டும் நீ இங்கிலீஷ்ல சொல்லு, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன். நான் விளக்கு அணைச்சதையும் எழுதச் சொல்லு. ரெண்டையும் சேர்த்து எழுதுனாத்தான் மேல இருக்கவங்களுக்குப் புரியும். படகா இருந்தா நான் அணைச்சிருப்பேனா? சொல்லு. எங்க வீட்டு மனுசன்னு தெரிஞ்சா, இந்தக் கை அணைச்சிருக்குமா?

பஸ்ஸு மெதுவாப் போகுது, ஸ்டாப்பிங் வந்துருச்சா? அந்தப் பையைக் குடு. அதுல அவுக போட்டோ இருக்கு, கசங்காமப் பிடி.

எதுக்கு என் கையைப் பிடிக்கிற இப்ப? ரெண்டு கையாலயும் பிடிக்கிறியே. எங்க பக்கம் இப்படிச் சாவு வீட்டுலதான் பிடிப்பாங்க. விடு தாயி. எங்க வீட்டுல ஒண்ணும் நடக்கல. கையை எடு. எந்திரி, இறங்கணும், ஆபீசரு சாப்பிடப் போயிருவாரு.